கக்கூஸில் தண்ணீர் வருமா? புதிய நடுநிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்

சில வருடங்களுக்கு முன்பு, பெங்களூரில் அல்சூருக்குக் கொஞ்சம் தள்ளி, 6, 7, 8 வகுப்புகளுக்கென்றே ஒரு பள்ளி புதிதாகத் திறக்க இருந்தது. நான் பள்ளிச் சமூகப் பணியாளர். அந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்களிடம் பேசி, பிள்ளைகளை ஜூனுக்குத் தயார்ப்படுத்துவது என் பொறுப்பு. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூட்டினோம். ஆட்டோ ஓட்டுபவர்கள், பெயின்டர்கள், அபார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை பார்க்கும் அம்மாக்கள் என்று எண்பது பேர் வந்திருந்தார்கள். புரொஜெக்டரில் கட்டடத்தின் படம் போட்டு, ஆய்வகம், நூலகம், விளையாட்டுத் திடல் என்று 40 நிமிடம் விளக்கினேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

"ஏதாவது கேட்கணுமா?" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆயா எழுந்தார். (வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் பாட்டி என்றால் ஆயாதான். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்பதால், அவரைப் பள்ளி வேலைக்கு வந்தவர் என்று நினைத்தவர்களும் உண்டு.) "எல்லாம் சரி மிஸ்ஸு. கக்கூஸ்ல தண்ணி வருமா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரும் என்று பதில் சொன்னோம். உண்மையில் அன்றைக்குத் தண்ணீர் இணைப்பே வந்திருக்கவில்லை.

ஜூலையில் அதற்கான கணக்குத் தெரிந்தது. 6-ம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர் காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. அதிலிருந்து எந்தக் குடும்பத்திடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: மாலையில் பையைத் திறந்ததும் நோட்டைப் பார்க்காதீர்கள், பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் திட்டாமல், "பாத்ரூம் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் "நல்லாருக்கு" என்றுதான் சொல்லும்.

பழைய பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அக்காவோ பக்கத்து வீட்டு அண்ணனோ எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எந்த மிஸ் கோபக்காரர், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், மதிய வரிசையில் எங்கே நின்றால் சீக்கிரம் சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் கேட்காமலே வந்து சேரும். புதிதாகத் திறக்கும் பள்ளியில் இதைச் சொல்ல ஆளே கிடையாது. அதனால்தான் குடும்பங்கள் சின்னச் சின்னதாகக் கேட்கின்றன. நாங்களோ யாரும் கேட்காத பெரிய கேள்விகளுக்குப் படம் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு தவறும் செய்தோம். எங்கள் கவனம் முழுவதும் 6-ம் வகுப்பின் மேல்தான் இருந்தது. ஒரே டீச்சரிடம் ஐந்து வருடம் இருந்த பிள்ளைகள், இனி பாடத்துக்கு ஒரு டீச்சர், பாவம், பயப்படுவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் பயந்தார்கள்தான். ஆனால் மூன்று வாரத்தில் பழகிவிட்டார்கள். உண்மையில் திண்டாடியது 7-ம் வகுப்பு. வேறு பள்ளிகளிலிருந்து பாதியில் பிடுங்கி நடப்பட்டவர்கள் அவர்கள். அங்கேயே இருந்திருந்தால் அடுத்த வருடம் பெரிய வகுப்பாகியிருப்பார்கள். சேர்ந்து படித்த நண்பர்கள் ஒருபக்கம், இவர்கள் ஒருபக்கம். ஒரு பையன் பழைய பள்ளியில் மணி அடிப்பவன். அவன் அடித்தால்தான் பள்ளி விடும். புதுப் பள்ளியில் மின்சார மணி. திங்கட்கிழமைதோறும் அவனுக்கு வயிற்று வலி. "நடிக்கிறான் மிஸ்" என்றார் அவன் அப்பா. அது நடிப்பு இல்லை. மனம் ஒப்பாத இடத்துக்குப் போகிற பிள்ளைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். பள்ளி நாள் காலையில் வந்து பத்து மணிக்கு மேல் போய்விடும் வலி என்றால் பேச்சுதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமையும் வலித்தால், காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால், டாக்டரிடம் போக வேண்டும்.

அப்புறம் இன்னொரு பள்ளி திறப்பில் வேலை செய்தபோது முறையை மாற்றினோம். திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே 7, 8 வகுப்புப் பிள்ளைகளை மட்டும் வரவழைத்தோம். அறைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது, குழாய், கழிப்பறை, மாடிப்படி எல்லாம் போட்டு வரைபடம் வரைவது, முதல் நாள் 6-ம் வகுப்பை வாசலில் நின்று அழைத்துவருவது எல்லாம் அவர்கள் வேலை. ஒரு வரைபடத்தில் தலைமையாசிரியர் அறையே விடுபட்டுப் போயிருந்தது. நாங்கள் திருத்தவில்லை.

தேதி விஷயத்தில் கர்நாடகத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வருடாவருடம் ஒரு இடறல். இங்கே கோடை விடுமுறை ஏப்ரல் இரண்டாவது வாரவாக்கில் தொடங்கி மே கடைசியில் முடிந்துவிடும். தமிழ்நாட்டிலோ ஜூனில்தான் பள்ளி திறக்கும். தர்மபுரிக்கும் திருவண்ணாமலைக்கும் ஊருக்குப் போனவர்கள் அங்கத்திய கணக்கில், திருவிழா, கல்யாணம் எல்லாம் முடித்துக்கொண்டு ஜூன் பாதியில்தான் வந்து சேர்வார்கள். மற்ற வருடம் என்றால் பரவாயில்லை. பள்ளியே புதிது என்றால் அந்தப் பதினைந்து நாளில் யார் யாரோடு உட்காருவது என்பது முடிவாகிவிடும். தாமதமாக வரும் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சும், அதில் ஏற்கெனவே அவ்வாறே வந்த இன்னொரு பிள்ளையும்தான் மிஞ்சும். அந்த ஒரு வருடம் மட்டும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி வாருங்கள் என்று கெஞ்சுவேன்.

காகிதங்கள். டி.சி. இன்னும் கைக்கு வரவில்லை என்று வீட்டில் உட்கார வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 5-வது பிரிவுப்படி டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. 8-ம் வகுப்பு வரை இது பொருந்தும். ஆனால் பெயரை மட்டும் பொறுமையாகப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், இங்கே பெரும்பாலும் பின்னால் எழுதுவார்கள். ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயராகவே போட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து. ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர். 6-ம் வகுப்பில் சேர்க்கும்போது இதைச் சரிசெய்வது சுலபம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகிவிட்டால் அலைச்சல்தான். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) எல்லா இடத்திலும் எடுபடும், இதில் எடுபடாது.

கன்னடம் பற்றிய பயம் எல்லா வீட்டிலும் உண்டு, குறிப்பாக ஓசூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு. கன்னட மொழி கற்றல் சட்டம், 2015-ன்படி இங்குள்ள பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ இருந்தாக வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் மூன்றாம் மொழி சேர்வதும் 6-ம் வகுப்பில்தான். நம் பிள்ளைகள் பேசுவதில் பெரும்பாலும் சூரர்கள், தெருவிலேயே கற்றிருப்பார்கள். திணறுவது எழுத்தில். தமிழில் ஒரே 'க' எழுதுகிறோம், சொல்லும்போது இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிறது. கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். 'ச', 'ட', 'த', 'ப'வுக்கும் இப்படியே. தமிழில் எழுதிப் பழகிய பிள்ளை டிக்டேஷனில் எழுத்தை மாற்றிப் போடுவது கவனக்குறைவு அல்ல, அவன் மொழியில் அந்த வித்தியாசத்துக்கு எழுத்து இல்லை. இதை வகுப்பு டீச்சரிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த கன்னட டீச்சர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியா? இத்தனை வருடம் சிவப்பு மையில் சுழித்தேனே!" என்றார். விடுமுறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பஸ் பலகையும் கடைப் பலகையும் வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும், பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளும்.

பள்ளி போகும் வழியை முதல் நாளுக்கு முன்பே இரண்டு தடவை நடந்து பாருங்கள். அதுவும் காலை எட்டரைக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் அல்ல. ஞாயிறு மாலை பெங்களூர்ச் சாலை வேறு, திங்கள் காலைச் சாலை வேறு. பஸ் என்றால், 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் இலவசம். ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். நம் அம்மாக்கள் பலரின் ஆதாரில் இன்னும் ஊர் முகவரிதான் இருக்கிறது. முதல் வாரம் பிள்ளையைக் கொண்டுபோய் விட நினைக்கும் அம்மா, மே மாதமே முகவரியை மாற்ற முடியுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பையன்களுக்கு மாணவர் பாஸ் எடுக்க வேண்டும், அது கைக்கு வரச் சில நாட்கள் ஆகும். பை எடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது 2020-ம் வருடத்துப் புத்தகப்பைக் கொள்கை. 6-ம் வகுப்புப் பிள்ளை எல்லாப் புத்தகத்தையும் சுமப்பதற்குக் காரணம் டைம்டேபிள் பார்க்கத் தெரியாததுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கப் பழக்கினால் ஒரு மாதத்தில் தானே செய்யும்.

கொஞ்சம் தயக்கத்தோடு எழுதும் விஷயம் இது. 11, 12 வயதில்தான் பல பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள். தெரிந்த டீச்சர் ஒருவரும் இல்லாத புதுப் பள்ளியில், மூன்றாவது பீரியடில் அது நடந்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாப்கின் யாரிடம் கேட்பது, எந்த மிஸ்ஸிடம் போவது என்று பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். அம்மாக்கள், "அப்பவே சொல்லி எதுக்கு பயமுறுத்தணும்?" என்பார்கள். சொல்லாமல் விட்ட பிள்ளைகள்தான் பயந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் சடங்கு. ஒன்பது நாள், பதினொரு நாள், சில வீடுகளில் பதினாறு நாள் பிள்ளை வீட்டில் இருக்கும். செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, என் வீட்டிலும் செய்தோம். விழாவை எப்படியும் நல்ல நாள் பார்த்துத் தள்ளித்தான் வைக்கிறீர்கள், மண்டபமும் அப்போதுதான் கிடைக்கும். இடைப்பட்ட நாட்களில் பள்ளிக்கு அனுப்பினால் என்ன? இரண்டு வாரம் காணாமல் போய்த் திரும்பும் பிள்ளையைப் பார்த்து மொத்த வகுப்புக்கும் காரணம் தெரிந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்திலேயே பள்ளியை வெறுத்த ஒரு பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர எனக்கு செப்டம்பர் வரை ஆனது.

கழிப்பறை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் ஆகஸ்டில் மேலாண்மைக் குழு அமைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நம் ஆட்கள் பொதுவாகப் பின்வாங்குவார்கள். ஒரு நாள் கூலி போகும், கன்னடத்தில் பேச வேண்டும் என்ற தயக்கம். ஆயா பின்வாங்கவில்லை. பேத்தியின் அம்மா ஓசூரில் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்ப்பதால் ஆயாதான் பாதுகாவலர். முப்பது வருடம் கோயில் வாசலில் பூ விற்றவர். கன்னடம் வாசிக்கத் தெரியாது, ஆனால் பேச ஆரம்பித்தால் யாரும் குறுக்கே வர முடியாது.

முதல் கூட்டத்தில் ஆண்டு விழா எப்போது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இணைப்பு அதற்குள் வந்துவிட்டது, அதைத் தலைமையாசிரியர் ஆயாவைப் பார்த்தே சொன்னார். ஆயா தலையாட்டினார். "தண்ணி வருது, பார்த்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கே சார்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தின் முதல் வரியில் மூன்று தாழ்ப்பாள், இரண்டு பக்கெட் என்று எழுதினார்கள். ஆயா எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கைநாட்டு வைத்தார்.