தாக்கீது: எச்சரிக்கையா, அழைப்பாணையா?

'தாக்கு' என்ற வினைச்சொல்லுக்கும் தாக்கீதுக்கும் உறவில்லை. இது 'தாகீத்' என்ற அரபுச் சொல். உறுதிப்படுத்துதல், அழுத்திச் சொல்லுதல் என்று பொருள். பாரசீகம், உருது வழியாக வந்து, தாசில்தார், கச்சேரி, ஜமாபந்தி போன்ற சொற்களோடு நம் அலுவலக வழக்கில் கலந்தது. மராத்தியில் 'தாகீத்' இன்றும் கண்டிப்பான எச்சரிக்கைதான். தமிழில் அதன் பொருள் அகன்று உத்தரவு, அறிவிப்பு, சம்மன் எல்லாவற்றையும் குறிக்கலாயிற்று. 'தாக்கல்' வேறு சொல். உள்ளே நுழைதல் என்னும் 'தாகில்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மனுவை நாம் தாக்கல் செய்கிறோம். தாக்கீது நமக்கு வருகிறது.

சம்மனின் வேரும் எச்சரிக்கைதான். இலத்தீனில் 'மொனேரே' என்றால் நினைவூட்டு, எச்சரி. ஆனால் சட்டத்தில் அதன் பொருள் ஒன்றே: குறித்த நாளில் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ வா என்னும் நீதிமன்றக் கட்டளை. அதற்கு 'அழைப்பாணை' மிகப் பொருத்தமான சொல். இலங்கையிலும் இதுவே வழக்கு. நோட்டீசுக்கு 'அறிவிப்பு', வாரண்டுக்கு 'பிடியாணை'. மூன்றையும் தாக்கீது என்று எழுதும் செய்தியில், வந்தது எது என்றே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

அந்த வேறுபாடு கைக்கு வரும் தாளிலேயே தெரியும். வக்கீல் நோட்டீசில் நீதிமன்ற முத்திரை இருக்காது, அனுப்புவது எதிர்த்தரப்பு. எடுத்துக்காட்டாக, காசோலை பணமில்லாமல் திரும்பினால், அந்தத் தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். இது வழக்குக்கு முந்தைய படி. அழைப்பாணையிலோ வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி, கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்கும். உரிமையியல் (சிவில்) வழக்கானால், வழக்குத் தொடுத்தவர் தாக்கல் செய்த வழக்குரையின் படியும் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதற்கான பதிலை, அதாவது எதிர்வழக்குரையை, தாக்கல் செய்ய 30 நாள்தான். நீதிமன்றம் அனுமதித்தால் 90 வரை.

அழைப்பாணையை உரியவரிடம் சேர்ப்பதை நீதிமன்றப் பேச்சில் 'சார்பு செய்தல்' என்பார்கள். அமீனா எனப்படும் நீதிமன்ற ஊழியர் ஒரு படியைக் கொடுத்துவிட்டு மூலத்தில் கையெழுத்து வாங்குவார். ஆள் இல்லையென்றால் வீட்டிலுள்ள வயதுவந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம். குற்றவியல் வழக்கில் முன்பு ஆணிடம் மட்டுமே கொடுக்க முடியும்; 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. மிக நல்ல மாற்றம். வேலையாள் குடும்பத்தில் சேர்த்தியில்லை. அவரிடம் கொடுத்தால் அந்தச் சார்பு செல்லாது.

கையெழுத்துப் போட மறுத்தால் தப்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. உரிமையியல் வழக்கில் அமீனா படியை வாசற்கதவில் ஒட்டிவிட்டு, எப்படி ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்று எழுதி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவார். அதை ஏற்று, சார்பு முறையாக நடந்தது என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால், வராதவரை விட்டுவிட்டு ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியும். குற்றவியல் வழக்கில் அடுத்து வருவது பிடியாணை.