மெனுவில் ஐகான் இல்லையா? கேஷை அழிக்கும் முன் பெயர்களைப் பாருங்கள்

லினக்ஸுக்கான ஒரு கோட் எடிட்டரை டெப் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாக்கி (நிறுவும் கோப்பாக்கி) வெளியிட்டதும் வரும் முதல் புகார், பெரும்பாலும் எடிட்டரைப் பற்றியதாக இருக்காது. "மெனுவில் ஐகானே இல்லை" என்பார்கள். அல்லது "மெனுவில் சரியாக இருக்கிறது, திறந்ததும் செயலிகள் வரிசையாக நிற்கும் டாக்கில் பொது ஐகானோடு இன்னொன்று தனியாக வந்து நிற்கிறது" என்பார்கள். இரண்டுக்கும் கேஷை (வேகத்துக்காகச் சேமித்து வைத்த ஐகான் பட்டியலை) அழிக்கச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பெரும்பாலும் இரண்டுக்கும் வேர், எங்கோ ஒரு பெயர் பொருந்தாமல் போவதுதான்.

எடிட்டரின் பெயர் 'நிரலி' என்று வைத்துக்கொள்வோம். செயலியை மெனுவுக்கு அறிமுகப்படுத்தும் நிரலி.டெஸ்க்டாப் கோப்பில் 'ஐகான்=நிரலி' என்று மட்டும் இருக்க வேண்டும். பிஎன்ஜி என்ற பின்னொட்டைச் சேர்த்தால் சில டெஸ்க்டாப் சூழல்கள் பொறுத்துக்கொள்ளும், சில காட்டவே காட்டாது. ஹோம் அடைவைக் குறிக்கும் அலைக்கோட்டுக் குறி இங்கே விரியாது. முழுப் பாதை கொடுத்தால் வேலை செய்யும். ஆனால் ஒரே அளவுப் படத்தோடு நின்றுவிடும், பயனர் தேர்ந்த ஐகான் தொகுப்பான தீமும் அதை மாற்ற முடியாது.

படங்கள் போக வேண்டிய இடம், யூஎஸ்ஆர்/ஷேர்/ஐகான்ஸ் அடைவில் உள்ள 'ஹைகலர்' தீம். எந்தத் தீமில் தேடிக் கிடைக்காவிட்டாலும் கடைசியில் டெஸ்க்டாப் இங்குதான் வந்து பார்க்கும். 48x48 அடைவின் 'ஆப்ஸ்' உள்ளடைவில் ஒரு பிஎன்ஜி இருப்பது குறைந்தபட்சத் தேவை. 16, 32, 128, 256 அளவுகளையும், 'ஸ்கேலபிள்' அடைவில் ஓர் எஸ்விஜியையும் சேர்த்தால் எல்லா இடத்திலும் தெளிவாகத் தெரியும். 512 அளவை மட்டும் வைத்துவிட்டு மற்றதெல்லாம் தானாகச் சுருங்கிக்கொள்ளும் என்று விடாதீர்கள். 16 பிக்சலில் மெல்லிய கோடுகள் கரைந்துவிடும், அந்த அளவைத் தனியாக வரைவதே சரி. 100x100 என்று நீங்களாகவே ஓர் அடைவு உருவாக்கினாலும் பயனில்லை. தீமின் இன்டெக்ஸ் கோப்பில் பட்டியலிடாத அடைவுகளுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்து அனுமதி. பேக்கேஜ் கட்டும் கணினியில் யூமாஸ்க் (புதுக் கோப்புகளின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) 077 என்று இருந்தால், ஐகான் 600 அனுமதியோடு பேக்கேஜுக்குள் போய்விடலாம். நிர்வாகிக் கணக்கான ரூட்டால் படிக்க முடியும், சாதாரணப் பயனரால் முடியாது. கோப்புக்கு 644, அடைவுக்கு 755 என்று பேக்கேஜ் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

கேஷுக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஹைகலர் அடைவின் மாற்ற நேரம் கேஷ் கோப்பின் நேரத்தைவிடப் புதிதாக இருந்தால்தான் ஜிடிகே (பல லினக்ஸ் செயலிகளின் இடைமுகத்தை வரையும் நூலகம்) பழைய கேஷை ஒதுக்கும். 48x48/ஆப்ஸ் அடைவுக்குள் ஒரு படத்தைப் போட்டால் அந்த உள்ளடைவின் நேரம்தான் மாறும், மேலே உள்ள ஹைகலரின் நேரம் மாறாது. எனவே பழைய கேஷே செல்லும் என்று எடுத்துக்கொண்டு, புதுப் படத்தை ஜிடிகே தேடுவதே இல்லை. டெபியனிலும் ஃபெடோராவிலும் நிறுவும்போது தானாக இயங்கும் பேக்கேஜ் ட்ரிகர்கள் இதைக் கவனித்துக்கொள்ளும். டார் கோப்பை விரித்து நிறுவும் ஸ்கிரிப்ட் எழுதுவோர்தான் ஜிடிகே-அப்டேட்-ஐகான்-கேஷ் கட்டளையை 'எஃப்' விருப்பத்தோடு தாங்களே இயக்க வேண்டும். ஹோம் அடைவுக்குள் நிறுவினால் அங்கே இன்டெக்ஸ் கோப்பு இருக்காது என்பதால் 'டி' விருப்பமும் தேவை. அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் கட்டளை எந்தக் கோப்பு வகையை எந்தச் செயலி திறக்கும் என்பதற்கானது. ஐகானுக்காக அதை எத்தனை முறை ஓட்டினாலும் எதுவும் மாறாது.

டாக்கில் இன்னொரு ஐகான் முளைப்பது வேறு கதை. திறந்திருக்கும் விண்டோ எந்த டெஸ்க்டாப் கோப்புக்குச் சொந்தம் என்று டெஸ்க்டாப்புக்குத் தெரியவில்லை என்று பொருள். விண்டோக்களைத் திரையில் காட்டும் அமைப்பு எக்ஸ்11 என்றால், டெர்மினலில் 'எக்ஸ்ப்ராப்' என்று அடித்து, எடிட்டர் விண்டோவைக் கிளிக் செய்யுங்கள். டபிள்யூஎம்-கிளாஸ் வரியில் இரண்டு சொற்கள் வரும். இரண்டாவது சொல்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட அப்படியே, டெஸ்க்டாப் கோப்பின் 'ஸ்டார்ட்அப்-டபிள்யூஎம்-கிளாஸ்' வரியில் எழுதுங்கள். அதற்கு மாற்றாக வந்த புதிய அமைப்பான வேலாண்டில் இந்தப் பண்பு கிடையாது. அங்கே விண்டோ தரும் ஆப்-ஐடியும் (செயலியின் அடையாளப் பெயர்) டெஸ்க்டாப் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆப்-ஐடியை அமைக்கும் இடம், எடிட்டரைக் கட்டிய கருவித்தொகுப்பைப் பொறுத்தது: ஜிடிகே என்றால் அப்ளிகேஷன் ஐடி, க்யூட்டி என்றால் 'செட்-டெஸ்க்டாப்-ஃபைல்-நேம்', எலக்ட்ரான் என்றால் பேக்கேஜ்.ஜேசான் கோப்பின் 'டெஸ்க்டாப்-நேம்'. நோம் டெஸ்க்டாப் சூழலில் ஆல்ட்+எஃப்2 அழுத்தி 'எல்ஜி' என்று அடித்து, விண்டோஸ் தாவலைத் திறந்தால், எந்த விண்டோ எந்தச் செயலியோடு சேர்ந்திருக்கிறது என்பது தெரியும். ஊகிப்பதைவிட இது ஒரு நிமிட வேலை.

விஎஸ் கோடின் திறமூல நிரலிலிருந்து சொந்த எடிட்டர் கட்டுவோர் ப்ராடக்ட்.ஜேசான் கோப்பில் செயலியின் பெயரை மாற்றிவிட்டு, 'லினக்ஸ்-ஐகான்-நேம்' புலத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயரில்தான் ஐகான், ஐகான்களுக்கான பழைய இடமான பிக்ஸ்மேப்ஸ் அடைவில் விழும். அதே பெயரோடு வேறொரு எடிட்டர் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால், இந்தக் கோப்பு இன்னொரு பேக்கேஜுக்குச் சொந்தம் என்று சொல்லி டெப் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நிறுவலையே நிறுத்திவிடும்.

பேக்கேஜில் எல்லாம் சரி, ஒரு பயனருக்கு மட்டும் பழைய ஐகானே வருகிறதா? அவருடைய ஹோமில் டாட்-லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவைப் பார்க்கச் சொல்லுங்கள். மெனு எடிட்டரில் எப்போதோ ஒரு மாற்றம் செய்தபோது டெஸ்க்டாப் கோப்பின் நகல் அங்கே சேர்ந்திருக்கும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஹோமில் உள்ளதே வெல்லும். நகலை நீக்கினால் போதும்.

ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பேக்கேஜ் வடிவில் ஐகானின் பெயர் ஆப்-ஐடியில் தொடங்காவிட்டால் அது வெளியே ஏற்றுமதியே ஆகாது. நிறுவாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜ் மெனுவில் தானாகச் சேராது. கையால் டெஸ்க்டாப் கோப்பு எழுதிச் சேர்த்தவர், ஆப்இமேஜை வேறு அடைவுக்கு நகர்த்தினால் எதை இயக்குவது என்று சொல்லும் 'எக்ஸெக்' வரியையும் திருத்த வேண்டும்.

டெஸ்க்டாப் கோப்பின் பெயரை முதல் வெளியீட்டுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நோம் டாக்கில் நிலையாகப் பொருத்தி ('பின்' செய்து) வைத்த செயலிகளும், "இந்தக் கோப்பை இதில் திற" என்ற தேர்வுகளும் அந்தப் பெயரில்தான் சேமிக்கப்படுகின்றன. இடையில் பெயரை மாற்றினால் மேம்படுத்திய பயனர்களின் டாக்கிலிருந்து எடிட்டர் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதை அவர்களே மறுபடி பின் செய்ய வேண்டியிருக்கும்.