தெருமுனை தாண்டியும் தொடரும் பாட்டு

‘அப்பா சேர்த்துவைத்த நாகஸ்வர ஒலிநாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டேன். வீட்டு வைஃபையில் இருக்கும்வரை கைபேசியில் அருமையாகக் கேட்கிறது. தெருமுனை தாண்டியதும் நின்றுவிடுகிறது. வீட்டிலும் இணையம் இருக்கிறது, கைபேசியிலும் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இணையப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை ஒன்று இதற்கான பதிலில் ஒளிந்திருக்கிறது என்பதால், இதற்கு விரிவாகவே எழுத ஆசைப்படுகிறேன்.

பாட்டை அனுப்புவது பெரிய வேலை அல்ல. நாவிட்ரோம், ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவினால் அது, கேட்கும் கருவிக்குப் பாட்டை எடுத்து அனுப்பும் சர்வராகிவிடும். குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற பதினாறு இலக்கங்கள். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14 லட்சம் பிட். பயணத்தில் இது மிகுதி என்றால், 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற சுருக்கிய ஒலிவடிவத்துக்கு சர்வரே உடனுக்குடன் மாற்றி, நொடிக்கு 1,28,000 பிட் வீதம் அனுப்பும். நான்கு நிமிடப் பாட்டு 4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். விலை உயர்ந்த லேன் கம்பி மாட்டினால் நாதம் இனிக்கும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். அனுப்பிய பிட் அப்படியே வந்து சேர்ந்ததா என்று, கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையான நெறிமுறையே சரிபார்க்கிறது. வராததைத் திரும்பக் கேட்டு வாங்குகிறது. பிட்டில் இல்லாத இனிமையைக் கம்பி சேர்க்கும் என்பது மூடநம்பிக்கை. அதை ஒலிப்பெட்டிக் கடையில் சொன்னாலும் மூடநம்பிக்கைதான்.

ஆகவே இணையத்தின் வேகத்தில் குறை இல்லை. சிக்கல் முகவரியில் இருக்கிறது.

கைபேசிச் செயலியில் உங்கள் சர்வரின் முகவரியாக 192.168 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அந்த எண் உங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம். பழைய ஐபிவி4 முறையில் முகவரிக்கு 32 பிட்தான் இடம். மொத்தமே ஏறக்குறைய 430 கோடி எண்கள். இது போதாது என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பொது எண்ணைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் முகவரி மாற்று முறை 1994இல் முன்மொழியப்பட்டது. 2011 பிப்ரவரியில், உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன.

இந்தப் பகிர்வைச் செய்வது, வீட்டை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான உங்கள் ரவுட்டர். அதன் நினைவகத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரியைப் பார்ப்போம். கணினி 192.168.1.20, போர்ட் எண் 51820இலிருந்து ஒரு பொட்டலத்தை, அதாவது தரவின் ஒரு சிறு துண்டை, வெளியே அனுப்புகிறது. (முகவரி வீடு என்றால், போர்ட் அதன் கதவு எண்.) ரவுட்டர் அனுப்புநர் இடத்தில் தன் பொது முகவரியான 203.0.113.7ஐயும், 40112 என்ற போர்ட் எண்ணையும் எழுதி, இரண்டுக்கும் உள்ள தொடர்பையும், பொட்டலம் யாருக்குப் போகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால், அந்த வரியைப் பார்த்துக் கணினிக்குத் திருப்பிவிடும். (பொது முகவரிக்கு நான் காட்டும் எண்கள், எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.) அட்டவணையில் குறிப்பு இல்லாத பொட்டலம் வெளியிலிருந்து வந்தால், ரவுட்டர் அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். தெருமுனையிலிருந்து உங்கள் கைபேசி பாட்டைக் கேட்டு அனுப்பும் பொட்டலத்துக்கும் அந்தக் கதிதான்.

ரவுட்டரில் ஒரு போர்ட்டை நிரந்தரமாகத் திறந்துவைப்பது பழைய வழி. அதை நான் பரிந்துரைப்பதில்லை. திறந்த போர்ட்டைத் தேடி நாள் முழுவதும் இணையத்தைத் துழாவும் நிரல்கள் ஏராளம். அப்படித் திறந்தாலும் பல வீடுகளில் பயனிருக்காது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு மேலே சேவை நிறுவனமும் ஒரு முகவரி மாற்றியை வைத்திருக்கிறது என்று பொருள். கைபேசி இணைப்பிலும் பெரும்பாலும் இதே நிலை. இரண்டு முனையிலும், தாமாக வெளியே பேசத் தொடங்காதவரை எதையும் உள்ளே விடாத காவல்.

இப்போது அந்த வித்தை. கணினி, கைபேசி இரண்டுமே பொது முகவரி உள்ள ஓர் இடைச்சர்வருடன் பேசுகின்றன. வெளியே போகும் பேச்சுக்குத் தடை இல்லை. ‘நீ இங்கிருந்து பார்த்தால் 203.0.113.7, போர்ட் 40112’ என்று கணினிக்கும், ‘நீ 198.51.100.9, போர்ட் 6203’ என்று கைபேசிக்கும் அது சொல்கிறது. தன் வெளித்தோற்றம் எப்படி இருக்கிறது என்பது அதுவரை இரண்டுக்குமே தெரியாது. பிறகு ஒன்றின் முகவரியை மற்றொன்றிடம் கொடுத்துவிட்டு, இடைச்சர்வர் ஒதுங்கிக்கொள்கிறது.

உடனே கணினி கைபேசிக்கும், கைபேசி கணினிக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பொட்டலம் அனுப்புகின்றன. கைபேசியின் பொட்டலம் முதலில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ரவுட்டர் அட்டவணையைப் பார்க்கிறது, அப்படி யாரும் எதிர்பார்க்கப்படவில்லை, எறிந்துவிடுகிறது. அந்தப் பொட்டலம் போயே போய்விட்டது. ஆனால் அது கிளம்பும்போதே, கைபேசி நிறுவனத்தின் மாற்றியில் ‘203.0.113.7, போர்ட் 40112இலிருந்து பதில் வரலாம்’ என்று ஒரு குறிப்பு விழுந்துவிட்டது. அடுத்த கணம் கணினியின் பொட்டலம் அங்கே போய்ச் சேர்கிறது. மாற்றியைப் பொறுத்தவரை இது எதிர்பார்த்த பதில், உள்ளே விடுகிறது. கணினியின் பொட்டலம் வெளியேறியபோது வீட்டு ரவுட்டரிலும் அதேபோன்ற குறிப்பு விழுந்திருக்கும். ஆகவே கைபேசியின் இரண்டாவது பொட்டலமும் உள்ளே வந்துவிடும். இரண்டு காவலும் தத்தம் விதியை ஓர் எழுத்துக்கூட மீறவில்லை. இரண்டுமே தமக்கு வருவது பதில் என்றே எண்ணுகின்றன. முதலில் கேள்வி கேட்டவர் என்று எவரும் இல்லாமலே ஓர் உரையாடல் தொடங்கிவிட்டது! முதல் பொட்டலம் போய்ச்சேர வேண்டியதே இல்லை, கிளம்பினால் போதும். எத்தனை முறை யோசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

துளையிடல் என்று பொறியாளர்கள் அழைக்கும் இந்த முறை எல்லா இடத்திலும் பலிக்காது. சில மாற்றிகள் ஒவ்வொரு சேருமிடத்துக்கும் புதுப் போர்ட் எண் கொடுக்கும்; இடைச்சர்வர் கண்ட எண் கைபேசிக்குப் பயன்படாமல் போகும். பிரையன் ஃபோர்டு, பைடா ஸ்ரீசுரேஷ், டான் கெகெல் மூவரும் 2005இல் யூஸ்னிக்ஸ் என்ற கணினியியல் அமைப்பின் மாநாட்டில் அளித்த கட்டுரையில், சோதித்த மாற்றிகளில் ஏறக்குறைய 82 சதவீதம் இதற்கு ஒத்துழைத்ததாகக் காட்டினார்கள். இணையப் பயனாளர்கள் பலர் ஒரு சிறு நிரலைத் தங்கள் இணைப்பில் ஓட்டிப் பார்த்து அனுப்பிய முடிவுகள் அவை. புதிய கண்டுபிடிப்பு என்று பெருமையடிக்க முடியாத, பொறுமையாக அளந்து பார்க்கும் இந்த வகை ஆராய்ச்சிக்கு நம் பல்கலைக்கழகங்கள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். உலகம் உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை அளந்தவர்கள் சொன்னதை வைத்துத்தான் மற்றவர்கள் கருவி செய்கிறார்கள்.

துளையிட முடியாதபோது இடைச்சர்வரே பொட்டலங்களை வாங்கிக் கைமாற்றிவிடும். பிறர் படிக்க முடியாதபடி பொட்டலங்களைப் பூட்டும் மறையாக்கச் சாவிகள் உங்கள் கணினியிலும் கைபேசியிலும் மட்டுமே இருப்பதால், கைமாற்றுபவருக்கு உள்ளே இருப்பது தோடியா பைரவியா என்று தெரியாது.

வாசகருக்கு வேண்டிய கருவி டெயில்ஸ்கேல் போன்ற ஒன்று. அறிமுகம், துளையிடல், கைமாற்று ஆகியவற்றை அது பார்த்துக்கொள்கிறது. 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலில் சேர்ந்த வயர்கார்டு நெறிமுறைதான் அதன் அடித்தளம். வயர்கார்டு மறுமுனையை முகவரியால் அல்ல, சாவியால் அடையாளம் காண்கிறது. நீங்கள் வைஃபையிலிருந்து கைபேசி இணைப்புக்கு மாறி முகவரியே வேறாகிவிட்டாலும், சரியான சாவியால் மறையாக்கப்பட்ட பொட்டலம் வந்ததும் புதிய முகவரிக்குப் பேச்சைத் தொடர்கிறது. முன்கூட்டியே இறங்கிய சில நொடிப் பாட்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். பேச்சே இல்லாமல் கிடந்தால் அட்டவணைக் குறிப்புகள் அழிந்துவிடும். சில ரவுட்டர்களில் அரை நிமிடமே தாங்கும். அதனால்தான் வயர்கார்டைத் தனியாக அமைப்பவர்கள் 25 நொடிக்கு ஒரு வெற்றுப் பொட்டலம் அனுப்பச் சொல்லிவைக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், புதிய முகவரி முறையான ஐபிவி6 அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். அதில் முகவரிக்கு 128 பிட். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது எண் கிடைக்கும். அழைக்காத பொட்டலத்தை ரவுட்டரின் தடுப்புச்சுவர் அப்போதும் எறியும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் வித்தை அப்போதும் வேண்டும். ஆனால் எண் மாற்றம் இல்லாததால் போர்ட்டை ஊகிக்க வேண்டியதில்லை; கைமாற்றும் பெரும்பாலும் தேவைப்படாது. நிலையான முகவரி வேண்டுமென்றால் மாதக் கட்டணம் கட்டச் சொல்லிச் சேவை நிறுவனம் கேட்கலாம். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.