வண்டி வரும் முன்னே: புளோக் அளவில் தீ அபாயத்தைக் குறைக்கத் திட்டமிடுவது எப்படி?

தீயணைப்புத் திட்டம் என்றதும் எல்லாரும் கேட்பது, "வண்டி எத்தனை நிமிடத்தில் வரும்?" என்றுதான். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 8 நிமிட இலக்கை வைத்து நெடுங்காலம் இயங்கிவந்துள்ளது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிப் பேட்டைகளுக்குள் சிறு தீயணைப்பு நிலையங்கள் அமைந்திருப்பதும் சீக்கிரம் போய்ச்சேரத்தான். ஆனால் வண்டி புளோக் அடியில் நின்ற பிறகு, கருவிகளோடு 12வது மாடிக்கு ஏறித் தண்ணீர் குழாயை இணைக்கவும் நேரம் பிடிக்கும். நுரைப்பஞ்சு சோபாவில் பற்றிய தீயோ ஐந்து நிமிடத்துக்குள் கூடம் முழுவதையும் சூழ்ந்துவிடலாம். இந்த இடைவெளியை நிரப்புவதே அபாய மேலாண்மைத் திட்டத்தின் வேலை.

இங்கிலாந்தில் இது சட்டக் கடமை. தீயணைப்பு, மீட்புச் சேவைக்கான 2018 தேசியச் சட்டகப்படி, ஒவ்வொரு வட்டாரத் தீயணைப்பு ஆணையமும் மக்களிடம் கருத்துக் கேட்டு, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான திட்டத்தை வெளியிட வேண்டும். அபாயங்களைக் கண்டறிவது, எடைபோடுவது, தடுப்புக்கும் பாதுகாப்புக்கும் மீட்புக்கும் வளங்களைப் பிரிப்பது, பிறகு மறுபடி சரிபார்ப்பது என்று அது போகும்.

இதில் பெரும்பாலும் கோட்டைவிடுவது எடைபோடும் இடத்தில்தான். எத்தனை முறை தீப்பிடித்தது என்பதை மட்டும் எண்ணினால் குப்பைக் குழாய்த் தீ மேலே வந்து நிற்கும். அணையாத சிகரெட், சூடு ஆறாத சாம்பிராணிக் கரி ஆகியவற்றால் அது அடிக்கடி நடக்கிறது. ஆனால் ஆளுக்குச் சேதம் அரிது. வாசற்கதவை ஒட்டி மின்னூட்டப்படும் மின்ஸ்கூட்டர் எரிவது அதைவிடக் குறைவு. ஆனால் வீவக வீட்டுக்கு வாசல் ஒன்றே. லித்தியம் மின்கலன் வெடித்தால் உள்ளே இருப்பவருக்கு வெளியேற வழியே இல்லை. ஆகவே இரண்டாவதற்குத்தான் முதல் கவனம்.

யுஎல்2272 என்னும் தீப் பாதுகாப்புச் சான்று இல்லாத, மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்களுக்குச் சிங்கப்பூரின் பொதுப் பாதைகளில் 2020 ஜூலை முதல் இடமில்லை. சான்று உள்ள சாதனமும் மாற்று மின்கலனோ பொருந்தாத சார்ஜரோ சேர்ந்தால் ஆபத்துதான். இரவு முழுக்க மின்னூட்ட வேண்டாம். புகை வந்தால் சாதனத்தைத் தூக்கி வெளியே கொண்டுபோக முயலாதீர்கள். வெளியேறிக் கதவைச் சாத்தி, குடிமைத் தற்காப்புப் படையின் அவசர எண் 995ஐ அழையுங்கள். வாசல் மறிக்கப்பட்டால் அறைக்குள் போய்க் கதவை மூடி, இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, சன்னலோரம் நின்று மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் சொல்லுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயம். பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத பழைய வீடுகளில் அது இல்லாமல் இருக்கலாம். தனியே வாழும் முதியோர் பலர் இருப்பதும் அங்கேதான். வீடு வீடாகப் போகும் தொண்டூழியர்கள் அந்தக் கதவுகளை முதலில் தட்டட்டும். கருவியைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடைப்பட்ட கூரையில், அடுப்புக்கும் மின்விசிறிக்கும் தள்ளி மாட்டுவது நல்லது. அடுப்பருகே மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும். பொறுக்காமல் மின்கலனைக் கழற்றிவிடுவார்கள். காது மந்தமானவருக்கு ஒளிரும் அல்லது அதிரும் வகைக் கருவி வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொன்று: சாமி விளக்கு. திரைச்சீலைக்குக் கீழே, காகிதத் தோரணத்தின் பக்கத்தில் எரியும் விளக்கை விட்டுவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடி போட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள்.

தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். காலணி அடுக்கும் பழைய மெத்தையும் அடுத்த வீட்டாரின் வெளியேறும் வழியை அடைக்கின்றன. அதே கவனம் டிரை ரைசர் குழாய்க்கும் வேண்டும். அதில் சாதாரணமாகத் தண்ணீர் இருக்காது; தீயணைப்பாளர்கள் தரைத்தளத்தில் தண்ணீரை ஏற்றி, மேல் மாடியில் எடுப்பார்கள். நடுமாடி வால்வை யாராவது திறந்துவைத்திருந்தால் தண்ணீர் அங்கேயே கொட்டி, தீ எரியும் மாடியில் அழுத்தம் இருக்காது. வால்வு திறந்திருந்தாலோ மூடி காணாமல் போயிருந்தாலோ நகர மன்றத்திடம் உடனே தெரிவியுங்கள்.

திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையும், புளோக்கில் சிறு தீ நேர்ந்த ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். அப்போது கேட்க வேண்டியவை: கருவி ஒலித்ததா, யார் முதலில் 995ஐ அழைத்தார், எந்தக் கதவு திறக்கச் சிரமப்பட்டது, நடக்க இயலாதவரை யார் கவனித்தார்.