பொடோனியைச் சின்னதாக்காதீர்கள்

கல்யாணப் பத்திரிகையோ நகைக்கடை விளம்பரமோ, வடிவமைக்கச் சொல்லி வருகிறவர்கள் "கொஞ்சம் ரிச்சா இருக்கணும்" என்பார்கள். ஆங்கில எழுத்தில் அந்தத் தோற்றத்தைச் சட்டென்று தருவது பொடோனி. எனக்கு மிகவும் பிடித்த எழுத்துரு. அது அச்சில் பாழாவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

இத்தாலியின் பார்மா நகரில் கோமகனின் அச்சகத்தை 1768 முதல் நடத்தியவர் ஜாம்பட்டிஸ்டா பொடோனி. அவர் 1813இல் இறந்த பிறகு, 1818இல் அவருடைய மனைவி வெளியிட்ட எழுத்துமாதிரி நூல் இன்றும் போற்றப்படுகிறது. நேர்க்கோடு நல்ல தடிமன், குறுக்குக்கோடு முடியிழை, நுனியில் வளைவே இல்லாததுபோல் தட்டையான செரிஃப், அதாவது எழுத்தின் முனையில் நிற்கும் சிறு கோடு: இதுதான் அவர் எழுத்தின் குணம். வழவழப்பான தாளும் கவனமான அச்சும் இருந்ததால்தான் அந்த இழைகள் நின்றன. பக்கத்தைச் சுற்றித் தாராளமாக இடமும் விடுவார்.

நாம் செய்வது நேர் எதிர். மணமக்கள் பெயருக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று மண்டப முகவரியையும் அதிலேயே 7 பாயின்ட் என்ற பொடி அளவில் போட்டுவிடுகிறோம். சொரசொரப்பான தாள் என்றால் மை பரவி இழை ஊதிக்கொள்ளும். அடர் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ரிவர்ஸ் போட்டால் சுற்றியுள்ள மை உள்ளே புகுந்து இழையையே விழுங்கிவிடும். நான்கு வண்ண அச்சில் ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் போதும், எழுத்து கலங்கிவிடும்.

அதிகம் அடிபடுவது எண்கள். பொடோனியின் 3க்கு முனைகளில் உருண்டைகள் உண்டு. பெரிய அளவில் கொள்ளை அழகு. சிறிய அளவில் அந்த உருண்டைகள் இடைவெளியை அடைத்து, 3 அப்படியே 8 மாதிரி தெரியும். கைபேசி எண்ணில் இது நடந்தால் அழைப்பு வேறு யாருக்கோ போகும். மருந்து அட்டையில் காலாவதித் தேதிக்கும் மாத்திரை அளவுக்கும் இந்த எழுத்துருவைத் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள்.

பொடோனியே வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 1994இல் வந்த ஐடிசி பொடோனி என்ற பதிப்பில் 6, 12, 72 பாயின்டுக்கெனத் தனித்தனி வரைவுகள் உண்டு. சிறியதில் இழை தடிமனாக இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் பொடோனி மோடாவிலும் 6 முதல் 96 பாயின்ட் வரை அளவுக்கேற்ற மாற்றம் உண்டு. மென்பொருளில் இந்த மாற்றத்துக்கான ஸ்லைடரை நீங்களே பார்த்து வையுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொல்லாமல், அச்சாகப் போகும் அதே தாளில் அசல் அளவில் ஒரு புரூஃப் (சோதனை அச்சு) எடுத்து, கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரிடம் எண்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் தமிழ் வருகிறதா? எங்கும் ஒரே தடிமனில் ஓடும் தமிழ் எழுத்துரு பொடோனியோடு ஒட்டாது. தடிமனும் மென்மையும் மாறிமாறி வரும் நோட்டோ செரிஃப் தமிழ் போன்றதை வைத்துப் பாருங்கள். தமிழைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். கொம்பும் சுழியும் நெரியாமல் இருக்கும்.