காட்டர் பின்: மிதிவண்டியின் ஆப்பாணி

மிதிக்கும்போது மட்டும் ‘டக், டக்’ என்று சீரான இடைவெளியில் கேட்டு, மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானாக உருள விட்டதும் அடங்கிவிடும் ஓசை, பழைய கனத்த மிதிவண்டிகளில் பெரும்பாலும் காட்டர் பின் தளர்ந்ததால் எழுவது. பழுதுபார்ப்பவர்கள் இதைச் சுருக்கமாகக் ‘காட்டர்’ என்பார்கள். பெடலைத் தாங்கும் கிராங்கைச் சட்டகத்துக்குள் சுழலும் அச்சோடு பிணைத்து வைப்பது இந்தச் சிறு இரும்பு முளைதான். வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என வண்டிக்கு இரண்டு உண்டு.

சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ராலே முதலிய இங்கிலாந்து வண்டிகளோடு கப்பலேறி வந்த உறுப்புப் பெயர்கள், 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு வண்டிகள் இங்கேயே உருவாகத் தொடங்கிய பிறகும் மாறாமல் நிலைத்துவிட்டன. இரண்டு உறுப்புகளின் துளைகளுக்குள் குறுக்காகச் செருகி இறுக்கும் சரிவான ஆப்பு என்பதே பிரித்தானிய வழக்கில் ‘காட்டர்’ என்பதன் பொருள். ‘காட்டெரல்’ என்னும் பழைய வடிவத்தோடு அது உறவுடையது, அதற்கும் முந்தைய வேர் தெளிவாகவில்லை. அமெரிக்க வழக்கிலோ ‘காட்டர் பின்’ என்றால் இரண்டு கால்களையும் விரித்து மடக்கிவிடும் ஸ்பிளிட் பின். அதை மனத்தில் கொண்டு ‘பிளவாணி’ என்று பெயர்த்தால், மிதிவண்டிக் காட்டருக்கு அது அறவே பொருந்தாது.

‘அச்சாணி’ என்று சொல்லலாமே என்று தோன்றும். ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி’ என்று குறளிலேயே (667) இடம்பெற்ற அழகான சொல் அது. ஆனால் தேரின் அச்சாணி, அச்சின் மேல் தனியே சுழலும் சக்கரம் கழன்று ஓடாமல் தடுப்பது. காட்டரோ அச்சும் கிராங்கும் தனித்தனியே அசையாமல் ஓருடலாகச் சுழலும்படி கவ்விப் பிடிப்பது. இரண்டின் வேலையும் வேறு. ஆகவே ‘ஆப்பாணி’ என்பதே தகுந்த சொல் என்பது என் துணிபு. ஆப்பு, மரம் பிளப்பவரும் தச்சரும் நாள்தோறும் ஆளும் சொல். மதுரை செல்லூரில் திருஆப்புடையார் கோயில் என ஓர் இறைவன் பெயரிலும் அது நிற்கிறது.

இந்தப் பெயரை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஆப்பு அடித்து இறுக்கப்படுவது, திருகி இறுக்கப்படுவது அன்று. காட்டரின் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும்; அந்தத் தட்டை முகம் அச்சில் வெட்டப்பட்ட தட்டைப் பகுதியில் அழுந்துவதுதான் பிடிப்பு. முனையில் உள்ள நட்டு, அடித்து இறக்கிய ஆப்பு பின்வாங்காமல் காப்பதற்கு மட்டுமே. நட்டைத் திருகியே ஆப்பை இழுத்துவிடலாம் என்று முயன்றால் மரை அழியுமே தவிரப் பிடிப்பு வராது.

ஓசை காட்டரிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதிசெய்ய, இரண்டு கிராங்குகளும் தரைக்கு இணையாக நிற்கும்படி வைத்து, இரு பெடல்களையும் ஒரே நேரத்தில் கையால் கீழே அழுத்த வேண்டும். பிறகு அரைச் சுற்றுச் சுற்றி முன்னது பின்னாக நிறுத்தி மீண்டும் அழுத்த வேண்டும். ஒரு கிராங்க் அச்சின் மேல் சிறிது நழுவி ‘டக்’ என்றால் ஐயம் தீர்ந்தது. ஓட்டும்போது இடக்கால் அழுத்தும் வேளையில்தான் இந்த ஓசை மிகுதியாகக் கேட்கும். வலக்காலின் விசை, வலக் கிராங்கோடு சேர்ந்த பல்சக்கரத்துக்கு நேரே போய்விடுகிறது. இடக்காலின் விசையோ இடக் காட்டர், அச்சு, வலக் காட்டர் மூன்றையும் கடந்தே சங்கிலியை அடைய வேண்டும். நழுவலே இல்லாமல் ‘கிறீச்’ என்று மட்டும் கேட்டால் பெடலையும் சீட்டுக் கம்பியையும் பார்க்க வேண்டும், ஏனெனில் சட்டகத்தின் வெற்றுக் குழாய்கள் ஓசையை இடம் மாற்றிக் காட்டும்.

தளர்ந்த காட்டரைக் கழற்றிப் பார்த்தால் அதன் தட்டை முகத்தில் அச்சின் விளிம்பு பதிந்த பள்ளம் பளபளவென்று தெரியும். அதைத் திரும்பப் போடாமல் புதியது வாங்குவதே நல்லது. இங்கிலாந்து வகை வண்டிகளுக்கு 9.5 மி.மீ. குறுக்களவு. கழற்றும்போது நட்டை மரையின் முனை வரை தளர்த்தி அதன் மேல் அடித்தால் மரை காப்பாற்றப்படும். கிராங்கின் அடியில் ஒரு தடித்த இரும்புக் குழாயை நிறுத்தி, காட்டர் அதற்குள் இறங்கும்படி வைத்தால், சுத்தியலின் அடி, அச்சைச் சுழலவிடும் ‘பால்ஸ்’ என்னும் சிறு இரும்புக் குண்டுகளைத் தாக்காது. புதிய முகம் சரியாகப் படியாவிட்டால் அரத்தால் சீராக ராவிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆப்பாணிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செருகப்பட வேண்டும், இல்லையேல் இரு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் நில்லா. அடித்து இறக்கி நட்டைப் பூட்டிய பின் சிறிது தூரம் ஓட்டிவந்து, மீண்டும் ஒருமுறை அடித்து நட்டை இறுக்கியாக வேண்டும். புதிய ஆப்பு முதல் ஓட்டத்திலேயே சற்றுப் படிந்து தளர்வது இயல்பு.