குழி வெட்டுவதற்கு முன்: மலையில் சாண எரிவாயுக் கலன் மானியம்

கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் சாண எரிவாயுக் கலனுக்காக வெட்டிய குழி ஒன்று இரண்டு மழைக்காலங்களாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. சுற்றிலும் முள்வேலி, அதற்குள் குழந்தைகள் போய்விடக் கூடாதே என்று அந்த வீட்டு அம்மாள் பழைய தகரத்தை வேறு சாத்தி வைத்திருக்கிறார். "மானியம் கட்டாயம் வந்துவிடும், நீங்கள் குழியை வெட்டி வையுங்கள்" என்று ஒரு முகவர் சொன்னதை நம்பி, பால் பணத்தில் கூலி கொடுத்து வெட்டிய குழி அது. அலுவலகத்துக்குப் போனபோது, "மானிய உத்தரவுக்கு முன்னால் ஆரம்பித்த வேலைக்கு மானியம் கிடையாது அம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியை அவர் முதல் தடவை விசாரிக்கப் போனபோதே சொல்லியிருக்கலாம்.

திட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தின் ஒரு பகுதி இது. நாளொன்றுக்கு 1 முதல் 25 கன மீட்டர் வரை எரிவாயு தரும் சிறிய கலன்களுக்கு அளவைப் பொறுத்து 9,800 ரூபாய் முதல் 70,400 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. நம்மைப் போன்ற மாநிலங்களுக்கான பட்டியலில் 1 கன மீட்டருக்கு 9,800 ரூபாய். 2 முதல் 4 கன மீட்டர் வரை 14,350 ரூபாய். இந்தக் கட்டம் 2026 மார்ச் 31 வரைக்கும் என்று வகுக்கப்பட்டது, ஆகவே அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ஆண்டுக்கு நம் ஒன்றியத்துக்கு இலக்கு, அதாவது இத்தனை கலன் என்ற எண்ணிக்கை, ஒதுக்கியிருக்கிறார்களா?" என்பதுதான். இலக்கு இல்லாத ஆண்டில் வாங்கி வைக்கும் விண்ணப்பத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

பழைய துண்டறிக்கைகளை நம்பிவிடக் கூடாது. முந்தைய திட்டம் ஒன்றில் நீலகிரியைச் சிறப்புப் பகுதியாகக் கொண்டு கூடுதல் தொகை வைத்திருந்தார்கள். அதே குளிர் அடிக்கும் கொடைக்கானலுக்கு அது இல்லை. அந்தப் பழைய தொகையைச் சொல்லித்தான் இன்றும் சில முகவர்கள் முன்பணம் வாங்குகிறார்கள். நடப்பு உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் ஊரக வளர்ச்சித் துறை வழியாக, அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகம் வழியாக நடக்கிறது. மலையில் முதல் அலைக்கழிப்பு இங்கேயே தொடங்கிவிடுகிறது. கேத்தி, அதிகரட்டி, சோலூர், பழனி மலையில் பண்ணைக்காடு போன்றவை பேரூராட்சிகள். அங்கே மாடும் தோட்டமும் வைத்திருப்பவர் எந்தக் கிராமத்தாருக்கும் குறைந்த விவசாயி அல்லர். ஆனால் ஒன்றிய அலுவலகத்தில் "நீங்கள் பேரூராட்சி, எங்கள் எல்லையில் வரமாட்டீர்கள்" என்பார்கள், பேரூராட்சி அலுவலகத்தில் "எங்களிடம் அப்படி ஒரு திட்டமே இல்லை" என்பார்கள். இந்த இரண்டு மேசைகளுக்கு நடுவே மூன்று மாதம் நடந்த ஒருவரின் பேருந்துச் செலவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். எழுதினால் எனக்கே கோபம் வரும் என்பதால் விடுகிறேன். நகரை ஒட்டிய பகுதிகளையும் திட்டம் விலக்கவில்லை. ஆகவே வாய்மொழி மறுப்போடு திரும்பாமல், மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உள்ள எரிவாயு மேம்பாட்டுப் பயிற்சி மையத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தொழில்நுட்பக் கேள்விகளுக்கு உருப்படியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்த முட்டுக்கட்டை நிலம். கூடலூர்ப் பக்கம் ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், யாருக்கு உரியது என்று முடிவாகாமல் சிக்கிய நிலத்தில் தலைமுறையாக வாழ்பவர்களிடம் பட்டா இல்லை. பட்டா இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தையே வாங்க மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்; வீட்டு வரி ரசீதை இணைத்துக் கொடுங்கள். எழுத்தில் கேட்டவுடன் குரல் தணிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: மலையில் ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மானியம் கிடைக்கும் முன்பே அபராதம் கட்டும் நிலைக்கு வராதீர்கள். சிறிய கலனுக்கு மண்வெட்டியும் இரண்டு ஆளும் போதும்.

அலுவலகம் எதுவுமே கேட்காத, ஆனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி சாணத்தைப் பற்றியது. ஒரு கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். 2 கன மீட்டருக்கு 50 கிலோ. கொட்டிலில் கட்டிய மாடு ஒன்று ஏறக்குறைய 10 கிலோ போடும். தேயிலை ஓரத்திலும் சோலை ஓரத்திலும் மேயவிட்டால் அதில் பாதிகூடக் கைக்கு வராது. இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில், மானியம் கூடுதல் என்ற ஒரே காரணத்துக்காக 2 கன மீட்டர் கலனைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கலன் ஒருநாளும் நிறையாது; அடுப்பு தேநீர் கொதிக்கும் முன்பே அணைந்துவிடும். விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் காலைச் சாணத்தைத் தராசில் வைத்து நிறுத்து எழுதுங்கள்.

குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் ஆற்றாமை தரும் விஷயம். சாணத்தை எரிவாயுவாக்கும் நுண்ணுயிர்களுக்கு வெப்பம் வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே வாயு வெகுவாகக் குறையும், 10-க்குக் கீழே ஏறத்தாழ நின்றுவிடும். அதனால்தான் வெப்பப் பகுதிகளுக்குக் கரைசல் 30 நாள் தங்கும் அளவிலும், குளிர்ப் பகுதிகளுக்கு 55 நாள் தங்கும் அளவிலும் கலன்களை வடிவமைக்கிறார்கள். தமிழ்நாடு மொத்தத்தையும் வெப்பப் பகுதி என்று எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட வரைபடத்தையே உறைபனி விழும் ஊட்டிக்கும் கொடைக்கானல் பக்கத்து மன்னவனூருக்கும் கொண்டுவருகிறார்கள். 1 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் கரைசல்; 30 நாளுக்கு 1,500 லிட்டர் இடம் போதும், 55 நாளுக்கு 2,750 லிட்டர் வேண்டும். இந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போய் மேற்பார்வையாளரிடம் காட்டி, எந்த வடிவம் என்பதை உத்தரவிலேயே குறிக்கச் சொல்லுங்கள். இடத்தைப் பகல் வெயில் நெடுநேரம் விழும் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கலன் மீது வைக்கோல் பரப்பி, கரைசலுக்கு வெந்நீர் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும். அப்போதும் சமையல் முழுவதும் அதில் நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கழிப்பறையையும் கலனோடு இணைத்தால் வீடுகளுக்குக் கூடுதலாக 1,600 ரூபாய் என்று அந்தக் கட்டத்தில் வகுத்திருந்தார்கள். ஓடையில் கலந்து வீணாகும் கழிவு எரிவாயுவாகிறது என்பதால் மலைக்கு இது மிகவும் பொருத்தம். ஆனால் கலனில் சேர வேண்டியது கழிப்பறைக் கழிவு மட்டுமே. குளியல் நீர், சோப்பு நீர், பினாயில், பிளீச்சிங் பவுடர் இவற்றில் எது இறங்கினாலும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். செப்டிக் டேங்க் நீரைத் திருப்பிவிடுவதும் கூடாது. வாளி வாளியாக நீர் ஊற்றினால் கரைசல் நீர்த்துப்போய் வாயு குறையும். இணைப்புக் குழாயைத் தனியாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு ஆய்வுக்கு வருபவர் "கழிப்பறை இணைப்பு எங்கே?" என்று கேட்பார்.

வாயு போக மிஞ்சி வெளியே வரும் ஸ்லரியில்தான், அதாவது சாணக் குழம்பில்தான், பாதிப் பயன் இருக்கிறது. வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமப் பகுதி. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. அதைத் திறந்த குழியில் காயவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். சரிவில் ஊற்றினால் அடுத்த மழைக்கு ஓடையில் சேரும். மண் போட்டு மூடிய குழியில் இலைச்சருகோடு மக்கவிட்டுத் தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் இடுங்கள். கழிப்பறை இணைத்த ஸ்லரியைப் பச்சையாகக் கேரட்டுக்கோ கீரைக்கோ இடவே கூடாது. இந்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் அரசு தருகிறதாம் என்று ஒரு பேச்சும் உலவுகிறது. அது சாணத்திலிருந்தும் கழிவிலிருந்தும் எரிவாயு எடுக்கும் மத்திய அரசின் கோபர்தன் திட்டத்தில் பெரிய ஆலைகள் விற்கும் உரத்துக்கு அறிவித்தது, வீட்டுக் கலனுக்கு வராது.

மானியம் வேலை முடிந்து, ஆய்வு நடந்து, படம் பதிவேறிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். முழுச் செலவையும் முதலில் நீங்களே போட வேண்டும், மானியமோ அதில் ஒரு பங்குதான். வட்டிக்கு வாங்கிக் கட்டுவது வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கலனைச் செப்பனிட இந்தப் பணம் கிடையாது. கட்டித் தருபவர் ஐந்து ஆண்டு பழுது பார்த்துத் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதைக் கையெழுத்தோடு வாங்குங்கள், பலர் முதல் குளிர்காலத்தோடு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வு முடிந்தும் பணம் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் "என் மனு என்ன ஆயிற்று?" என்று பொதுவாகக் கேட்காமல், கோப்பு எந்தத் தேதியில் யாருடைய மேசைக்குப் போனது, அங்கே எத்தனை நாள் இருந்தது என்று கேளுங்கள்.